வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி

போன அறுவடையில் வேலியோரத்து முதல் வரிசையில் ஒரு கதிரை உரித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் போடுவது வெள்ளை மக்காச்சோளம். ஏழு வருடமாக நானே விதை எடுத்து நானே திரும்ப விதைக்கிற ரகம். உரித்த கதிரில் வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள். பல்வரிசையில் தங்கப் பல் கட்டிக்கொண்ட மாதிரி. அடுத்த கதிரை உரித்தேன், அதிலும். அதற்கடுத்ததிலும். நாலாவது கதிரில் சிரிப்பு நின்றுவிட்டது.

மக்காச்சோளத்துக்கு ஒரு குணம் உண்டு. யாருடைய மகரந்தம் வந்து விழுந்தது என்பதை அந்த மணியே அந்தப் பருவத்திலேயே சொல்லிவிடும். பூசணிக்கு இப்படிக் கிடையாது. வேறு ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும் இந்த வருடக் காய் தாயைப் போலத்தான் இருக்கும், குட்டு அடுத்த வருடம் விதைத்த பிறகுதான் வெளிப்படும். மக்காச்சோளத்தில் மஞ்சள் ரகத்தின் தூள் வெள்ளைக் கதிரில் விழுந்தால் அந்த மணி அப்போதே மஞ்சளாகிவிடும். கொஞ்சம் வெளிறிய மஞ்சள், ஆனால் கண்ணுக்குத் தப்பாது. கதிர் நுனியில் தொங்குகிறதே பட்டு மாதிரி முடி, அதில் ஓர் இழைக்கு ஒரு மணி என்று கணக்கு. ஒரு துகள் அந்த இழையின் நுனியில் ஒட்டி, உள்ளே குழாய் விட்டு, இழையின் முழு நீளத்துக்கும் இறங்கி மணியைக் கருவுறச் செய்யும். ஒவ்வொரு மணிக்கும் தகப்பன் வேறாக இருக்கலாம். ஒரே கதிரில் நானூறு தகப்பன்!

அன்று சாயங்காலம் வேறு வேலை ஓடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். முதல் வரிசைக் கதிரில் 412 மணிகள், அதில் 96 மஞ்சள். கிட்டத்தட்ட நாலில் ஒன்று. பத்தாவது வரிசை, அதாவது வேலியிலிருந்து சுமார் 6 மீட்டர் உள்ளே, ஒரு கதிருக்கு இருபதைச் சுற்றி. நாற்பதாவது வரிசையில் இரண்டோ மூன்றோ. அதற்கப்புறம் பல கதிர்கள் சுத்த வெள்ளை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தபோது மறுகோடியில் எடுத்த ஒரு கதிரில், நட்ட நடுவில், ஒற்றை மஞ்சள் மணி. என் நிலத்தின் அகலம் 50 மீட்டர்கூட இல்லை. எந்தக் காற்று அதை அங்கே கொண்டுவந்து போட்டதோ.

மக்காச்சோள மகரந்தம் மற்ற புல்லினங்களோடு ஒப்பிட்டால் கனமானது. பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். ஆனால் ஒரு செடியின் பூவிலிருந்து பல லட்சம் துகள்கள் உதிர்கின்றன. பெரும்பகுதி விழுந்தாலும் மிச்சம் இருப்பது போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து நிலத்து அண்ணன் போட்ட மஞ்சள் மக்காச்சோளம் மரபணு மாற்றியது இல்லை, சாதாரண வீரிய ஒட்டு ரகம். இந்த இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. வீரிய ஒட்டு என்பது இரண்டு மக்காச்சோள வம்சங்களைக் கலந்து எடுப்பது, அவ்வளவுதான். மரபணு மாற்றம் என்றால் ஒரு பாக்டீரியாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ எடுத்த மரபணுவை ஆய்வகத்தில் செடிக்குள் நுழைப்பது. வந்தது வெறும் ஒட்டு ரகத்தின் தூள் என்பதால் என் இயற்கை விவசாயச் சான்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டது விதைச் சுத்தம் மட்டும்.

ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டதற்குக் காரணம் வேறு. நிறம் இருந்ததால் எண்ணினேன். அதே அண்ணன் வெள்ளை ரகத்தையே போட்டு, அதற்குள் புழுவைக் கொல்லும் புரதத்தைச் செய்கிற ஒரு பி.டி. மரபணு இருந்திருந்தால்? என் கதிர் முழுக்க வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். முதல் வரிசையில் அதே 96 மணி, எல்லாம் வெள்ளை. நான் அதையே விதையாக எடுத்து வைத்திருப்பேன், தேடித் தேடி நல்ல கதிராகப் பார்த்து.

அண்ணனிடம் கதிரைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காத்துக்கு நான் என்ன பண்ண முடியும் தங்கச்சி?" என்றார். நியாயமான கேள்வி. அவர் தன் நிலத்தில் தனக்குப் பிடித்ததை விதைத்தார். என் வேலியை ஒரு விரல்கூட நகர்த்தவில்லை. ஆனால் என் விதைதான் கெட்டது. அவருடைய மஞ்சள் கதிர்களிலும் என் வெள்ளையின் தூள் விழுந்துதான் இருக்கும். மஞ்சளுக்கு முன்னால் வெள்ளை தோற்றுப்போகும், அதனால் அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்குக் கவலையில்லை, விதையை வருடா வருடம் பையில் வாங்குகிறவர்.

கலப்பு இரண்டு பக்கமும்தான் நடக்கிறது. நஷ்டம் ஒரு பக்கம்.

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து, என் சோளத்தை மொத்தமாக எடுக்கிற ஒருவர் "மரபணு மாற்றியது கலக்கவில்லை என்று பரிசோதனைச் சீட்டு இருந்தால் நல்லது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். செலவு யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்குமே விடை தெரியும். முதலில் நானே சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்தேன். கொரோனா சமயத்தில் மூக்கைக் குடைந்து ஒரு பட்டையில் விட்டுக் கோடு வருகிறதா என்று காத்திருந்தோமே, அதே தத்துவம். மணியை அரைத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மேலே தெளிந்ததைச் சின்னக் குப்பியில் எடுத்து, பட்டையை அதில் நிறுத்த வேண்டும். மெதுவாக ஈரம் மேலே ஏறும். ஒரு கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடு வந்தால், நுழைத்த மரபணு செய்கிற, நாம் தேடிய புரதம் இருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம். வீட்டில் எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கோடுதான்.

நிம்மதிதான். ஆனால் அந்தப் பட்டை தன் மேல் எழுதியிருக்கிற புரதத்தை மட்டும்தான் தேடும். வேறு மரபணு இருந்தால் அதற்கு வேறு பட்டை. ஆய்வகத்துக்கு அனுப்பினால் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்ப்பார்கள். மரபணு மாற்றிய பல பயிர்களில் நுழைத்த மரபணுவை முடுக்கிவிட, காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் என்ற துண்டைச் சேர்த்திருப்பார்கள். அதைத் தேடினால் பல ரகங்கள் ஒரே வலையில் சிக்கும். நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்று காட்ட நான்தான் கைக்காசைச் செலவழிக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.9 சதவீதம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பயிர் தற்செயலாக, தவிர்க்க முடியாமல் அந்த அளவுக்குள் கலந்திருந்தால் பையில் அதைக் குறிப்பிட வேண்டியதில்லை. என் கதிர்க் கணக்கில் சொன்னால் 412 மணியில் 3 இருக்கலாம், 4 இருந்தால் கோட்டைத் தாண்டிவிட்டது. (ஆய்வகம் மணியை எண்ணாது, டி.என்.ஏ.வை அளக்கும். ஆனாலும் விளங்கிக்கொள்ள இது போதும்.) அமெரிக்கச் சட்டம் வேறு வழி. அங்கே இயற்கை விவசாயம் என்பது எப்படி விளைவித்தாய் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. விவசாயி முறைப்படி எல்லாம் செய்திருந்தால், காற்றில் வந்த கலப்புக்காக மட்டும் சான்றைப் பறிக்க மாட்டார்கள். 1997இல் அங்கே வெளியிட்ட இயற்கை விவசாய விதியின் முதல் வரைவு மரபணு மாற்றத்தை இயற்கை விவசாயத்துக்குள்ளேயே விடுவதற்கு இடம் வைத்திருந்தது. 2,75,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் கோபமானவை. 2000 டிசம்பரில் வந்த இறுதி விதியில் கதவை மூடினார்கள்.

சட்டம் தாராளமாக இருந்து என்ன? வாங்குகிறவர் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. சீட்டைப் பார்ப்பார். கலப்பு என்று இருந்தால் லாரி திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தபோது என்னை அதிகமாக உலுக்கியது ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் கோஜோனப் என்ற ஊர். ஸ்டீவ் மார்ஷ் இயற்கை விவசாயி, தானியமும் ஆடும். பக்கத்து நிலம் மைக்கேல் பாக்ஸ்டருடையது. சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். 2010இல் அந்த மாநிலத்தில் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய கனோலாவுக்கு அனுமதி வந்தது, பாக்ஸ்டர் விதைத்தார். கனோலா கடுகு குடும்பத்து எண்ணெய்ப் பயிர். அறுத்து வரிசையாகக் காயப் போட்டிருந்தபோது காற்று அடித்தது. காய்ந்த செடிகள் விதையோடு பறந்து வேலி தாண்டி மார்ஷின் நிலத்தில் சிதறின. சான்று கொடுத்த அமைப்பு அவருடைய பண்ணையில் 70 சதவீதத்துக்குச் சான்றை நிறுத்தியது.

மார்ஷ் கனோலாவே போடவில்லை. அவருடைய கோதுமையோடும் ஓட்ஸோடும் கனோலா கலந்து காய்க்காது. ஆடுகளோடு கலக்காது என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் அவர் நிலத்தில் முளைத்த மரபணு மாற்றிய செடிகள் எட்டே எட்டு, அதையும் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. பாக்ஸ்டர் மேல் மார்ஷ் போட்ட வழக்கு 2014இல் தோற்றது. பாக்ஸ்டர் சட்டம் அனுமதித்த பயிரைச் சாதாரணமாக எல்லாரும் அறுக்கிற முறையில்தான் அறுத்தார், அவர் மேல் தவறில்லை என்றது நீதிமன்றம். சான்று அமைப்பு தன் விதியையே தவறாகப் பயன்படுத்திவிட்டது என்றும் சொன்னது. 2015இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதையே உறுதி செய்தார்கள், ஒருவர் மாறுபட்டார். 2016இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. மார்ஷுக்கு நஷ்டம் 85,000 ஆஸ்திரேலிய டாலர். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு என்று அவர் தலையில் விழுந்தது 8 லட்சம் டாலர்.

நான் இயற்கை விவசாயிதான், மார்ஷ் பக்கம்தான் மனம் சாயும். ஆனாலும் படிக்கப் படிக்க என் கோபம் பாக்ஸ்டர் மேல் நிற்கவில்லை. காற்றில் வந்து விழுந்த செடிகளுக்காக 70 சதவீத நிலத்தைக் கழித்தது நம் பக்கத்து ஆட்கள். சுத்தம் சுத்தம் என்று சுழியத்தைக் கேட்டோம். காற்றடிக்கிற உலகத்தில் சுழியம் கிடைக்காது. என் மறுகோடியில் கிடைத்த அந்த ஒற்றை மணியை என்ன செய்வது? அதற்காக என் நிலம் முழுவதையும் கழிப்பார்களா?

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் சொல்கிற இன்னொரு கதை கனடாவின் பெர்சி ஷ்மைசர். "காற்றில் வந்து விழுந்த விதைக்காக ஒரு பாவப்பட்ட விவசாயி மேல் கம்பெனி வழக்குப் போட்டது" என்று சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்ப்பைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. கம்பத்தோரமும் சாலையோரமும் களைக்கொல்லி அடித்தபோது சாகாமல் நின்ற கனோலாச் செடிகளைக் கவனித்து, அந்தப் பகுதியின் விதையை எடுத்து வைத்து, 1998இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் விதைத்திருக்கிறார். சோதித்தபோது 95 சதவீதத்துக்கும் மேல் அந்த மரபணு இருந்தது. முதலில் வந்தது காற்றில் வந்திருக்கலாம், ஆயிரம் ஏக்கர் காற்றில் வராது. 2004இல் கனடா உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, ஆனால் பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்றது. அவர் இயற்கை விவசாயியும் இல்லை. அவருடைய சஸ்காச்செவன் மாகாணத்து இயற்கை விவசாயிகள் வேறு ஒரு வழக்குப் போட்டார்கள், எங்களால் இனி கனோலாவே பயிரிட முடியவில்லை என்று. நம் கதைக்கு அதுதான் பொருத்தமானது. அதை யாரும் சொல்வதில்லை. அவர்களைக் கூட்டாக வழக்காட நீதிமன்றம் அனுமதிக்கவில்லை, அதோடு முடிந்தது. இயற்கை விவசாயத்துக்கு ஒரு பயிரே கைவிட்டுப் போனது.

மகரந்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் கலப்பு அதிகம் நடக்கிற இடம் கதிரடிக்கும் இயந்திரமும் சாக்கும் கிடங்கும்தான். நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்ந்துகொள்கிற பயிர், காற்றை எதிர்பார்ப்பதில்லை. அப்படியிருந்தும் 2006இல் அமெரிக்க நீளரக அரிசியில், விற்பனைக்கே அனுமதி பெறாத ஒரு மரபணு மாற்ற ரகம் கலந்திருப்பது தெரியவந்தது. ஏற்றுமதி அடி வாங்கியது. 2011இல் அந்தக் கம்பெனி 75 கோடி டாலர் வரை கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. கனடாவின் ஆளிவிதையில் இன்னும் விசித்திரம்: 2001இல் பதிவே ரத்தான ஒரு ரகம் 2009இல் ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் எட்டிப் பார்த்தது. எட்டு வருடம் எந்தச் சாக்கின் மூலையில் உட்கார்ந்திருந்ததோ. இந்த இரண்டையும் படித்த பிறகு, வாடகைக்கு வருகிற கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்க்காமல் நான் நிலத்துக்குள் விடுவதில்லை. ஓட்டுநர் தம்பிக்கு எரிச்சல்தான். சல்லடைக்குப் பின்னால் கையை விட்டால் முந்தின நிலத்துச் சோளம் இரண்டு கைப்பிடியாவது வரும்.

சரி, இனி பி.டி.க்கு வருகிறேன். என் மனம் ரொம்ப நாளாகக் கணக்குத் தீர்க்காமல் இருப்பது இதில்தான்.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், மண்ணில் வாழும் பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் ஏன் சாகின்றன என்று தேடியபோது இஷிவாடா கண்டது. 1911இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவைத் தின்னும் அந்துப்பூச்சியிலிருந்து பெர்லினர் மறுபடி பிரித்தெடுத்து, அந்தப் பகுதியின் பெயரையே வைத்தார். 1938 வாக்கிலேயே பிரான்சில் தெளிப்பு மருந்தாக விற்றார்கள். ஆக, மரபணு மாற்றத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே இது எங்கள் மருந்து. இலையைத் தின்னும் புழு இதையும் சேர்த்துத் தின்னும். புழுவின் குடல் காரத்தன்மை உடையது, அங்கே இந்தப் புரதப் படிகம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். தொங்கிக்கொண்டே இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். நம் வயிறு அமிலம், ஒட்டுவதற்கான இடமும் அங்கே இல்லை. அதனால்தான் இயற்கை விவசாயத்தில் அனுமதி.

நான் சாயங்காலம்தான் தெளிப்பேன். வெயில் பட்டால் சில நாளில் சக்தி போய்விடும். அதைக் குறையாகத்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யோசித்தால் அதுதான் அதன் பலமே. புழு இருக்கும்போது வருகிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது. 1996இல் அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்த மக்காச்சோளமும் பருத்தியும் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தன. இப்போது அது இலையில், தண்டில், புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முளைத்த நாள் முதல் காயும் வரை. லட்சக்கணக்கான ஏக்கரில், இரவும் பகலும். அத்தனை புழுக்களில் தாங்கிக்கொள்கிற ஒன்றிரண்டு மட்டும் பிழைத்து, தங்களுக்குள் கூடி, தாங்கிக்கொள்கிற வம்சத்தைப் பெற்றுப் போடும்.

இது விஞ்ஞானிகளுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் பி.டி. வயலோடு ஓரத்தில் சாதாரண ரகத்தையும் விதைக்கச் சொன்னார்கள். புகலிடம் என்று பெயர். அங்கே வளரும் பலவீனமான பூச்சிகள் வந்து கலந்தால் வம்சம் வலுக்காது. இந்தியாவில் 2002இல் பி.டி. பருத்தி வந்தபோது ஒவ்வொரு விதைப் பெட்டிக்குள்ளும் புகலிடத்துக்கென்று 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாக வைத்தார்கள். புழுவுக்கென்று யார் விதைப்பார்கள்? பெரும்பாலானோர் விதைக்கவில்லை. 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவைத் தாங்கிக்கொண்டுவிட்டது என்று கம்பெனியே அறிவித்தது. அடுத்த சில வருடத்தில் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது, இயற்கைப் பருத்தி போடுகிறவர்கள் கலப்பில்லாத விதைக்கு அலைகிறார்கள். அதே புழுவை அமெரிக்காவில் பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் வானத்திலிருந்து கொட்டி 2018இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதே பூச்சி, அதே புரதம். வித்தியாசம், அங்கே ஒவ்வொரு விவசாயியையும் ஒன்றாகக் கட்டி இழுத்ததில்.

புழு தாங்கிக்கொண்டால் கம்பெனி வேறு மரபணுவைத் தேடிக்கொள்ளும். என்னிடம் இருப்பது அந்த ஒரு தெளிப்பு மருந்து. இப்படிக் கோபமாக ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

பேசிவிட்டு வந்த பிறகு இரண்டு விஷயம் படித்தேன். ஒன்று, பி.டி.க்கு எதிராக வயலிலேயே முதலில் வலுத்த பூச்சி முட்டைகோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி. ஹவாயில், 1990இல் பதிவானது. அப்போது மரபணு மாற்றிய பயிர் எதுவும் சந்தையிலேயே இல்லை. தெளித்துத் தெளித்தே வலுக்க வைத்தோம். இரண்டாவது, 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. மக்காச்சோளத் தண்டுத் துளைப்பான் பி.டி. சோளத்தால் ஐந்து மாநிலங்களில் வட்டாரம் முழுவதுமே குறைந்துபோனது. பதினான்கு வருடத்தில் அதனால் கிடைத்த லாபம் 690 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதில் 430 கோடி, பி.டி. போடாத விவசாயிகளுக்குப் போயிருக்கிறது. விதைக்குக் கூடுதல் பணம் கொடுக்காமலே அவர்கள் வயலில் புழு குறைந்தது. அவர்களில் இயற்கை விவசாயிகளும் உண்டு. வேலி தாண்டி மகரந்தம் மட்டும் வரவில்லை, நன்மையும் வந்திருக்கிறது.

இது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக மறைத்து எழுத முடியாது. அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, அப்போது விற்பனையில் இருந்த மரபணு மாற்றிய உணவால் உடம்புக்குக் கூடுதல் கெடுதல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றன. நான் ஏற்றுக்கொள்கிறேன். என் சண்டை வயிற்றைப் பற்றியதல்ல, வேலியைப் பற்றியது.

இன்னொரு சிக்கலும் கிட்டத்தில் வந்துவிட்டது. மரபணுத் திருத்தம். வெளியிலிருந்து எதையும் நுழைக்காமல், செடியின் சொந்த மரபணுவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் இதுவும் மரபணு மாற்றம்தான் என்றது. ஆனால் பட்டையில் தேட அங்கே அன்னியப் புரதமே இல்லை. ஆய்வகத்திலும் 35எஸ் சிக்காது. எந்த எழுத்தை மாற்றினார்கள் என்று தெரிந்தால்தான் தேடவே முடியும், தெரிந்தாலும் அது தானாக மாறியதா ஆள் மாற்றியதா என்று சொல்ல வழியில்லை. நாளைக்கு அந்த வியாபாரி சீட்டுக் கேட்டால் நான் எதைச் சோதித்துக் கொடுப்பேன்? வேடிக்கை என்னவென்றால், காமா கதிர்வீச்சில் வாட்டி மரபணுவைக் கண்டபடி உடைத்து எடுத்த பழைய ரகங்களுக்கு இயற்கை விவசாயத்தில் பெரிதாகத் தடையில்லை. 1960களில் அப்படிச் சந்தைக்கு வந்த கோல்டன் பிராமிஸ் என்ற பார்லி இன்றும் நல்ல பெயரோடு இருக்கிறது. இதை வைத்து என்னை மடக்கினால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

இந்தப் பருவத்துக்கு நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். பல நாடுகளில் மக்காச்சோள விதை உற்பத்திக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். என் நிலத்தைப் போல நாலு நிலம் காலியாகக் கிடந்தால் அது நடக்கும். அதனால் வேலியோரத்து இருபது வரிசையை விதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், அது மாட்டுக்கு. அதைச் சும்மா விட முடியாது, அந்த வரிசைகளின் பூக்கள்தான் உள்ளே இருக்கிற கதிர்களுக்கு வெள்ளைத் தூளை அள்ளிக் கொட்டி, வெளியார் தூளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. விதைக்கென்று நடுவிலிருந்து முந்நூறு கதிர் மட்டும் எடுப்பேன். மஞ்சள் மணி ஒன்று இருந்தாலும் கதிரையே ஒதுக்குவேன். பாப்கார்ன் ரகங்கள் சிலவற்றுக்கு இயற்கையாகவே ஒரு குணம் உண்டு, அன்னிய மகரந்தம் இழையில் விழுந்தாலும் உள்ளே இறங்க விடாது. ஜிஏ1 என்று அந்த மரபணுவுக்குப் பெயர். அதைச் சாதாரணக் கலப்பு முறையில் மற்ற மக்காச்சோளத்துக்குள் கொண்டுவரும் வேலை நடக்கிறது. செடியே வேலி போட்டுக்கொள்ளும். எனக்கு அதன்மேல் ஒரு கண் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட மலிவான வழி, பூக்கும் நாளைத் தள்ளி வைப்பது. தூள் உதிர்வது ஒரு வாரம், இழை காத்திருப்பது பத்து நாள். இரண்டு நிலமும் மூன்று நாலு வாரம் தள்ளி விதைத்தால் சந்திப்பே நடக்காது. விதைப்புக்கு முன்னால் அண்ணனிடம் போய்க் கேட்டேன். "நீ முதல்ல போட்டுக்கோ, நான் இருபத்தஞ்சு நாள் பொறுத்துக்கிறேன்" என்றார். அதற்குள் களை ஏறிவிடுமே என்றதற்கு, "ஏறினா ஓட்டிக்கறேன், விடு" என்றார். அவர் அப்படிப் பொறுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மழை சொன்னதைக் கேட்கவில்லை. எனக்கு மண் ஈரம் கிடைக்க மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. அவரால் அதற்கு மேல் தள்ள முடியவில்லை. கடைசியில் இருவரும் ஒரே வாரத்தில்தான் விதைத்தோம், என் வேலியைத் தாண்டி அவருடைய விதைக்கருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே நான் விதைத்தேன். நேற்றுக் காலை போய்ப் பார்த்தேன். அவர் பயிரில் பூ தலை நீட்டிவிட்டது. என்னுடையதில் இன்னும் நாலைந்து நாளில் இழை வரும். காற்று அவர் பக்கமிருந்துதான் அடிக்கிறது.